தன் முதுகு தனக்குத் தெரியுமா?

கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவரைக் காவலர் எலும்பு முறியத் தாக்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவரது முறையீட்டை ஆராய வேண்டியவர் யார்?

2013-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் விடை கூறிற்று. மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஆட்சித் தலைவர் தலைமை. உடனமர்வோர் காவல்துறைக் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும்! புதுக்கோட்டைக்கு நடையாய் நடந்து அவர் முறையிட்டால், அடித்தவரின் மேலதிகாரியே ஆசனத்தில் வீற்றிருப்பார். இதற்குப் பெயர் விசாரணையா?

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தது வேறு. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியே தலைவராதல் வேண்டும் என்றது. சட்டம் பெயரை எடுத்துக்கொண்டது, உயிரை விட்டுவிட்டது!

"வெளியார் தலையிட்டால் காவலர் ஊக்கம் குன்றும்" என்பர் சிலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வரி தண்டவும் ஒப்புதல் வாங்கவும் நடந்த கொடுமைகளை 1855-இல் வெளிப்படுத்தியது சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு. அதன்பின்னரே 1859-இல் புதிய போலீசுச் சட்டம் பிறந்தது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி நீதித்துறை நடுவர் நேரிற் சென்று விசாரித்தார். அவர்முன் துணிந்து சாட்சி சொன்னவர், அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர்! ஆகவே, தன்னுரிமையுள்ள விசாரணை நேர்மையான காவலருக்குப் பகையன்று. அவருக்கு அதுவே துணை.

இளைஞர்காள்! கடவுளின் பெயரால் வந்ததையும் ஏன் என்று கேட்கக் கற்ற நாம், காக்கிச் சட்டைக்கு மட்டும் விலக்களிப்பதா? கேளுங்கள்: நீதிபதி தலைமையிலான ஆணையம் எங்கே?