வீடு அவளுடையது, தீர்ப்பு யாருடையது?

பெண்ணடிமையின் வேர் தனிச்சொத்தில் இருக்கிறது என்று ஏங்கெல்ஸ் 1884 ஆம் ஆண்டில் எழுதினார். தாயுரிமை வீழ்ந்தபோதே பெண்ணினமும் வீழ்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. அதைப் படித்த நம்மவர் சிலர், சொத்து பெண்ணின் கைக்கு வந்துவிட்டால் வீட்டுக்குள் விழும் அடியும் தானே நின்றுவிடும் என்று பேசி வருகின்றனர். இந்த எளிய கணக்கைச் சம்மாந்துறையில் வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

கல்முனையை அடுத்து, வயல் சூழ்ந்து கிடக்கும் இவ்வூரிலும் கிழக்குக் கரையோரத்தின் ஏனைய முஸ்லிம், தமிழ் ஊர்களிலும் நெடுநாளைய வழக்கம் ஒன்றுண்டு. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மணமுடிப்பர். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். குடி என்னும் குலப்பிரிவும் தாய்வழியே செல்லும். 'புகுந்த வீடு' என்னும் சொல் இங்கே ஆணுக்குத்தான் பொருந்தும். அப்படியிருந்தும், தன் சொந்த வீட்டுக்குள்ளேயே அடிபடும் பெண் இக்கரையில் உண்டு என்பதை இங்கே கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அறிவர்.

காரணம் என்ன? சொத்து பெண்ணிடம் இருந்தது. தீர்ப்பு பெண்ணிடம் இருக்கவில்லை. குடி தாய்வழியே வந்தாலும் அக்குடிக்காகப் பள்ளிவாசலில் பேசும் மரைக்காயர் ஆணே. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதிப் பதவியை ஆணுக்கே வரையறுத்தது. கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. மனைவியோ பஸஹ் கோரினால் தான் பட்ட கொடுமையைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்று விதித்தது. நான்கு சுவருக்குள் விழுந்த அடிக்குச் சாட்சி யார்? பெரும்பாலும் பிள்ளைகளே.

சொத்துரிமையும் நிலையானதாக இல்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின், புதிய வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' பெயரில் வழங்கப்பட்டன. அத்தலைவர் ஆண் என்றே அலுவலகங்கள் கொண்டன. தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை, ஒரு படிவத்தின் ஒற்றை வரியில் கைமாறிற்று. அதிகாரமில்லாத உரிமை எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதை ஒரு சமயத்தின் குறையாகக் காட்ட விரும்புவோருக்கு நாம் இடங்கொடுக்க மாட்டோம். கணவன் அல்லது துணைவனின் உடல்வழி, பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளான பெண்கள் ஐவரில் ஒருவர் என்று 2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நாடளாவிய ஆய்வு கூறிற்று. அது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரையும் கொண்ட நாட்டின் கணக்கு.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் எல்லாருக்கும் பொதுவானது. அடித்தவன் வீட்டுக்குள் நுழையலாகாது என்று நீதவான் தடுக்கலாம். பாதுகாப்புக் கட்டளையை மனைவி மட்டுமன்றி, அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கோரலாம். 'பொறுக்க முடியாவிட்டால் அவள் ஏன் வெளியேறவில்லை?' என்று ஊர் கேட்கிறது. சட்டம் கேட்க இடந்தரும் கேள்வியோ வேறு: அவன் ஏன் வெளியேறவில்லை? வீடே பெண்ணுடையதாக இருக்கும் இக்கரையில் அக்கேள்விக்கு இரட்டிப்பு நியாயம் உண்டு. ஆயினும் இறுதிக் கட்டளையின் ஆயுள் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். அதன்பின் அவளுக்குத் துணை நிற்க வேண்டியது சமுதாயம். அச்சமுதாயமோ 'பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்' என்ற ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறது.

இம்மந்திரத்தையே நாம் முதன்மையாக எதிர்க்கிறோம். வாப்பா உம்மாவை அடிப்பதைக் காணும் பிள்ளை வெறும் பார்வையாளன் அல்லன். தன்மேல் ஓர் அடியும் விழாவிட்டாலும் அவன் உறக்கமும் படிப்பும் கெடுகின்றன. இரவெல்லாம் கதவோரம் காது வைத்திருந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கினால் அதைச் சோம்பல் என்று பிரம்பெடுப்பது, வீட்டு வன்முறையைப் பாடசாலையிலும் தொடர்வதாகும். பிள்ளைக்காகப் பொறுக்கச் சொல்பவர்கள் உண்மையில் பிள்ளையையும் சேர்த்தே பலியிடுகிறார்கள்.

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கவை உண்டு. பிள்ளை பேசினால் குறுக்கு விசாரணை செய்யாது கேட்க வேண்டும். அவன் சொன்னதை, அவன் நலனுக்குப் பொறுப்பானவர் தவிர வேறெவரிடமும் சொல்லலாகாது. அடித்தவனை அழைத்துச் சமரசம் பேசுவது பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, பெண்களுக்கான 1938 ஆகிய தொலைபேசி இலக்கங்களை மாணவர் கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்கலாம். அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இதற்கெனவே ஒரு பிரிவு உண்டு என்பதைத் தாய்மாருக்குச் சொல்லலாம். தாயும் பிள்ளையும் இடம்பெயர நேர்ந்தாலும் படிப்பு அறுபடாமல் காக்கலாம்.

ஏங்கெல்ஸை நாம் மறுக்கவில்லை; அவரைப் பாதியில் மூடி வைப்பதையே மறுக்கிறோம். வீட்டுறுதியில் பெண்ணின் பெயர் இருப்பது தொடக்கம் மட்டுமே. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் காதி மன்றத்திலும் கோயில் சபையிலும் தொழிற்சங்கத்திலும் அவள் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர வேண்டும். அதற்காகப் போராடாத முற்போக்கு, வீட்டு வாசலோடு நின்றுவிடும் முற்போக்கே.