பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆட்டுப்பட்டி

பெரும்பாணாற்றுப்படையின் முல்லைப் பகுதி என்றதும் கட்டுரைகள் எல்லாம் நேராக மோர் விற்கும் ஆய்மகளிடம் போய் நின்றுவிடும். நெய்க்குப் பொன் வேண்டாம் என்று எருமை வாங்குகிறாளே, அவளிடம். அவளுக்குச் சற்று முன்னால் ஏழெட்டு அடிகளில் ஓர் ஆட்டுப்பட்டி வருகிறது. "ஆயர்களின் எளிய வாழ்க்கை" என்று அதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கே எளிமை தெரியவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஒரு டிசைன் டாக்குமென்ட்.

குட்டிகள் தின்னக் குடிசைக் காலில் பாதி உயரத்தில் கட்டிய தழை. (வத்திராயிருப்புப் பக்கம் குழை கட்டுறதுன்னு சொல்வோம். தரையில் போட்டு மிதிபட்டால் வெள்ளாடு மோந்து பார்த்துட்டுப் போயிடும்.) கழிகளை நெருக்கிக் கட்டிய கதவு. தோல் படுக்கையில் தூங்கும் காவலாள். கிடாக்களுக்கு முற்றத்தில் குட்டை முளை, நீளக் கயிறு. செம்மறியும் வெள்ளாடும் ஒன்றாகப் படுக்கை. கடைசியில்தான் முள்வேலி, அதற்குள் எரு.

அந்த முள் நட்டு வளர்த்ததல்ல, வெட்டி இட்டது. ஆண்டீஸ் மலையில் அல்பாகா மேய்ப்பவர்கள் மரமில்லாத மேட்டில் கல்லை அடுக்கிப் பட்டி போடுகிறார்கள். கைக்குக் கிடைப்பதுதான் வேலி. (இன்று நாம் வெட்டிப் போடும் சீமைக்கருவேல முள்ளும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான், புலவர் சொன்னது அதுவல்ல.) இந்தப் பகுதியை நம் கரிசல் கிடையோடு ஒப்பிடுவது தவறு என்றே நினைக்கிறேன். கிடையில் எரு நிலம் முழுக்கப் பரவணும், அதுக்குத்தான் நிலக்காரர் காசு தருகிறார். ஆகவே பட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பாட்டில் எரு வேலிக்குள் சேர்ந்து கிடக்கிறது. இது இடம் பெயராத பட்டி.

இன்னொரு விஷயம், வரிசை. பாணன் வெளியிலிருந்து வருகிறவன், அவன் கண்ணில் வேலிதானே முதலில் படணும்? புலவர் குடிசையில் தொடங்கி, காவலாளைக் காட்டி, பிறகு ஆடு, கடைசியில் வேலி என்று போகிறார். யாப்புக்காக அப்படி அமைந்திருக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன வருஷம் சித்தப்பாவின் தோட்டத்துப் பட்டிக்கு ஆறடிக் கம்பிவலை அடித்து, நான்தான் கேமராவும் மாட்டிக் கொடுத்தேன். "இனிமே நீங்க வீட்லயே படுங்க சித்தப்பா" என்று சொன்னதும் நான்தான். மழையில் வலைக்கு அடியில் மண் அரித்திருந்தது. ஒரு ராத்திரி தெருநாய்கள் அந்த வழியாகப் புகுந்து ஒன்பது குட்டிகளைக் கடித்துப் போட்டன. கேமரா எல்லாவற்றையும் தெளிவாகப் பதிவு செய்திருந்தது. நான் போனில் பார்த்தது காலை ஆறு மணிக்கு.

சித்தப்பா திட்டவில்லை. "ஏப்பா, அந்தக் கேமரா குலைக்குமா?" என்று மட்டும் கேட்டார். இப்போது பட்டிக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்கிறார்.