விஞ்ஞானியின் வேதனையும் கொல்லப்பட்டோரின் முகமும்

ஒரு திரைப்படம் வெளியாகும்பொழுது அதைப்பற்றி எழுகின்ற பேச்சைக் கொண்டு அப்படத்தை மட்டுமன்றி, அதைப் பேசும் காலத்தையும் ஒருவாறு அளந்துவிடலாம். 2023ஆம் ஆண்டு ஜூலை 21ஆந் திகதி அமெரிக்காவில் திரைக்கு வந்த ‘ஒப்பன்ஹைமர்’ இதற்கு நல்லதோர் உதாரணம். முதல் அணுகுண்டைச் செய்த லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் தலைவர் றொபேட் ஒப்பன்ஹைமரின் வரலாற்றைக் கிறிஸ்தோபர் நோலன் மூன்று மணி நேரப் படமாக்கியிருக்கிறார். மனித குலத்தையே அழிக்கத்தக்க ஆயுதத்தின் பிறப்பைக் கூறும் படம் வந்தபொழுது உலகப் பத்திரிகைகள் முதன்முதலில் எதைப் பேசின?

படத்தின் பெரிய பிரதி ஒன்றின் பிலிம் சுருள் 11 மைல் நீளம், ஏறத்தாழ 600 இறாத்தல் நிறை என்று வியந்தன. அகன்ற திரைக்குரிய கமராவுக்கென்று கறுப்பு வெள்ளைப் பிலிம் புதிதாகத் தயாரிக்கப்பட்டதை வியந்தன. பாலைவன வெடிப்பைக் கணினியால் வரையாமல், உண்மையான நெருப்பையும் தூளையும் கொண்டே எடுத்தார்கள் என்று மேலும் வியந்தன. அதே நாளில் வெளியான ‘பார்பி’ என்னும் பொம்மைப் படத்தின் பெயரையும் இதன் பெயரையும் ஒட்டி ஒரு வேடிக்கைச் சொல்லை உண்டாக்கினர். நாயகியின் கூந்தலாக அணுப்புகைக் காளானை வரைந்து பரப்பியவர்களும் உண்டு. யப்பானிய மக்கள் கண்டித்த பின்னரே ‘பார்பி’யை வெளியிட்ட நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

இந்தியாவில் எழுந்த பேச்சு வேறு விதமானது. ஒப்பன்ஹைமர் சமஸ்கிருதம் கற்றவர். பகவத் கீதையில் ஈடுபாடுடையவர். படுக்கையறைக் காட்சியொன்றில் அந்நூல் வாசிக்கப்படுவது மதத்துக்கு இழுக்கு என்று உயர் பதவியிலுள்ளோர்கூடக் குரலெழுப்பினர். அக்காட்சியில் பெண்ணின் உடலை மறைக்கும்பொருட்டு இந்தியத் திரைகளுக்கென்று கறுப்பு உடையொன்று கணினியால் வரைந்து சேர்க்கப்பட்டது. கணினி ஓவியம் கலவாத படம் என்று உலகமெல்லாம் பறைசாற்றப்பட்ட படத்துக்கு நேர்ந்த கதி இது! 1945 ஆகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவிலும், 9ஆந் திகதி நாகசாகியிலும் உடைகளோடு தோலும் உரிந்து வீதியில் நடந்த மனிதரைப்பற்றி அந்த ஒழுக்கக் காவலர்கள் ஒரு வார்த்தையேனும் பேசியதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் மாண்டனர். பிலிம் சுருளின் நிறையைத் தவறாது எழுதியவர்கள் இந்தத் தொகைகளை எழுத மறந்தார்கள்.

பத்திரிகைகளின் அற்பத்தனத்துக்குப் படத்தைக் குற்றஞ் சாட்டுவது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே படத்தையே நோக்குவோம்.

இது வெறும் பொழுதுபோக்குச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அமெரிக்க அரசு இடதுசாரிகளை வேட்டையாடிய காலத்தை ஹொலிவூட் இவ்வளவு விரிவாகக் காட்டுவது அருமை. ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் தொழிற்சங்கம் அமைத்த செய்தியும், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுக்கு உதவிய செய்தியும் அவர்கள்மீது பின்னர் குற்றச்சாட்டுகளாகத் திரும்பியமை படத்தில் தெளிவாக வருகிறது. 1954இல் ஒரு சிறிய அறைக்குள் நடந்த விசாரணை, விசாரணை என்ற பெயரில் நடந்த பழிவாங்கல் என்பதைப் படம் மறைக்கவில்லை. அத்தீர்ப்பை அமெரிக்க அரசு 2022 டிசம்பரிலேதான் இரத்துச் செய்தது என்பதை நினைத்தால், இப்பகுதியின் பெறுமதி விளங்கும். குண்டு போடவேண்டிய நகரங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் மனைவியும் தேனிலவு கழித்த இடம் என்பதற்காகக் கியோட்டோ நகரை யுத்த மந்திரி நீக்கிவிடும் கட்டம் மிகக் கூர்மையானது. ஆட்சியாளரின் ஒரு சொந்த ஞாபகம் ஒரு நகரைக் காக்கும். அவ்வாறான ஞாபகம் இல்லாத நகரம் சாம்பலாகும். அதிகாரத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம்.

ஆயினும், படத்தின் மையமான இடத்தில் ஒரு வெறுமை இருக்கிறது. ஹிரோஷிமா அழிந்த செய்தி வானொலி மூலமே வருகிறது. நகரம் திரையில் தோன்றுவதில்லை. வெற்றி கொண்டாடும் கூட்டத்தில் ஒப்பன்ஹைமர் பேசும்பொழுது, அவருடைய மனக்கண்ணில் ஒரு பெண்ணின் முகத்தோல் உரிகிறது. அந்தப் பெண் அந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அமெரிக்கப் பெண்! பின்னர் ஹிரோஷிமாவின் புகைப்படங்களை விஞ்ஞானிகளுக்குக் காட்டுகிறார்கள். அந்தப் படங்களை நாம் காண்பதில்லை. கமரா ஒப்பன்ஹைமரின் முகத்திலேயே நிற்கிறது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார். அவரோடு சேர்ந்து மூன்று மணி நேரப் படமும் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறது.

இதற்கு நோலன் தரும் சமாதானம் யாவரும் அறிந்ததே. கதை ஒப்பன்ஹைமரின் உள்ளத்திலிருந்து சொல்லப்படுகிறது. திரைக்கதையையே ‘நான்’ என்னும் தன்மை இடத்தில் எழுதினேன். அவர் காணாததைப் படமும் காட்டாது என்பது அவர் வாதம். பல விமரிசகர்கள் இதைக் கலை நேர்மை என்று போற்றினர். பிணங்களைக் காட்டுவதாலேயே ஒரு படம் உயர்ந்துவிடாது என்பதையும், வேதனையைக் காட்சிப் பொருளாக்குவது இன்னொரு வகை இழிவு என்பதையும் நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சமாதானம் படத்துக்குள்ளேயே பொய்த்துப் போகிறது. படத்தின் கறுப்பு வெள்ளைப் பகுதிகள் ஒப்பன்ஹைமரின் உள்ளத்திலிருந்து சொல்லப்படுவன அல்ல. அவை அவருடைய பகைவரான லூயிஸ் ஸ்ட்ரோஸ் என்பவரின் நோக்கில் அமைந்தவை. 1959இல் அமெரிக்க செனற் சபை ஸ்ட்ரோசுக்கு மந்திரிப் பதவி கிடையாது என்று தீர்மானித்த கதைக்கு அங்கே தாராளமாக நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, நாயகனின் உள்ளத்தைவிட்டு வெளியே வரும் வழி இயக்குநருக்கு மூடியிருக்கவில்லை. ஓர் அரசியல்வாதி பதவி இழந்த துக்கத்துக்காக அந்தக் கதவு திறந்தது; இரண்டு நகரங்கள் அழிந்த துக்கத்துக்காகத் திறக்கவில்லை. இது உருவத்தின் கட்டாயம் அன்று, உள்ளடக்கத்தைப்பற்றிய தீர்மானம்.

யப்பான் மட்டும் இவ்வாறு மறைந்துபோகவில்லை. 1945 ஜூலை 16ஆந் திகதி அதிகாலையில் முதற் குண்டு பரீட்சிக்கப்பட்ட நியூ மெக்சிகோப் பாலைவனம் படத்தில் ஆளில்லாத வெளியாகவே காட்சி தருகிறது. உண்மையில் அதன் சுற்றுப்புறத்தில் ஆயிரக் கணக்கான விவசாயிகளும் இடையர்களும் பழங்குடியினரும் வாழ்ந்தனர். அவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை. அவர்களுடைய கூரைகளிலும் நீர்த் தொட்டிகளிலும் சாம்பல் விழுந்தது. அணுப் பரீட்சைகளாற் பாதிக்கப்பட்டோருக்கு 1990இல் அமெரிக்கா இயற்றிய நட்டஈட்டுச் சட்டத்திலும் இவர்கள் சேர்க்கப்படவில்லை. எண்பது ஆண்டுகள் கழிந்து, 2025 ஜூலையிலேதான் அச்சட்டம் இவர்களையும் உட்படுத்தத் திருத்தப்பட்டது. குண்டுக்கு வேண்டிய யுரேனியம் சேர்ந்து வருவதைக் காட்டுவதற்கு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சிறுவர் விளையாடும் போளைகளை ஒவ்வொன்றாக இடும் உத்தியைப் படம் கையாளுகிறது. அழகான உத்திதான். ஆனால் அந்த யுரேனியத்தின் பெரும் பகுதி, பெல்ஜியம் அடிமைப்படுத்தியிருந்த கொங்கோ நாட்டின் ஷின்கோலொப்வே சுரங்கத்திலிருந்து கறுப்புத் தொழிலாளரின் உழைப்பால் வந்தது. கிண்ணம் திரையில் நிறைகிறது. நிறைத்த கைகள் தெரியவில்லை.

இவ்வாறு தொழிலாளியையும் விவசாயியையும் கொல்லப்பட்டவனையும் நீக்கிய பின்னர் எஞ்சுவது என்ன? ஒரு மேதையின் மனச்சாட்சி. அதன் வேதனையைக் கண்டு நாம் உருகவேண்டும் என்பதே படத்தின் வேண்டுகோள். சரித்திரம் தனிமனிதனின் உளப் போராட்டமாகச் சுருங்கும்பொழுது பொறுப்பு என்பது உணர்ச்சியாகக் கரைந்துவிடுகிறது. வருந்துகிறான், ஆதலால் மன்னிக்கத்தக்கவன் என்ற நிலைக்கு இரசிகன் தன்னையறியாமலே வந்துசேர்கிறான்.

அன்றைய விஞ்ஞானிகளுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்று கருதுவோர் ஜோசப் ரொட்பிளாட் என்பவரை நினைத்துப் பார்க்கவேண்டும். போலந்தில் பிறந்த இப் பௌதிக விஞ்ஞானி, ஜேர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று தெரிந்ததும் 1944இன் முடிவில் லொஸ் அலமொசைவிட்டு வெளியேறினார். பின்னர் ஆயுள் முழுவதும் அணு ஆயுத ஒழிப்புக்காக உழைத்து 1995இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். படத்தில் அவருக்கு இடமில்லை. குண்டைப் பயன்படுத்தவேண்டாம் என்று சில்லாட் என்னும் விஞ்ஞானி திரட்டிய விண்ணப்பத்தில் எழுபது பேர் கையெழுத்திட்டனர். அது படத்தில் வந்து மறையும் சிறு நிகழ்ச்சியாகவே நிற்கிறது. ஒப்பன்ஹைமரோ, குண்டை இராணுவத்தினர் நேரடியாகப் பயன்படுத்துவதைவிட ஏற்கத்தக்க வேறு வழி தென்படவில்லை என்று 1945 ஜூனில் ஆலோசனை கூறிய நால்வருள் ஒருவர். மறுத்தவன் திரைக்கு வெளியே நிற்க, இணங்கிய பின் வருந்தியவன் காவிய நாயகனாகிறான்.

கலைக்கு வேறு பாதை உண்டா? உண்டு, அது புதியதுமன்று. ஹிரோஷிமாச் செய்தி கிடைத்தபொழுது ஜேர்மன் நாடகாசிரியர் பேர்டோல்ட் பிறெக்ட் அமெரிக்காவில் அகதியாக வாழ்ந்தார். கலிலியோவைப்பற்றி அவர் முன்னரே ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதிற் கலிலியோ, அதிகாரத்துக்கு வெளியே பணிந்து உண்மையை இரகசியமாகக் காப்பாற்றிய தந்திரசாலி. குண்டு விழுந்த பின்னர் அந்தப் பாத்திரத்தை அவ்வாறே விட்டுவைக்கப் பிறெக்டுக்கு மனம் வரவில்லை. 1947இல் அமெரிக்காவில் மேடையேறிய புதிய வடிவத்திலே கலிலியோ தன்னைத் தானே கண்டிக்கிறான். விஞ்ஞானத்தை ஆள்வோர் கையில் ஒப்படைத்தவன் மன்னிப்புக்குரியவனல்லன் என்ற முடிவை இரசிகன் எட்டுகிறான். ஒரு விஞ்ஞானச் செய்திக்குக் கலைஞன் பதிலளித்த விதம் இது. அவன் கருவியின் நுட்பத்தை வியக்கவில்லை; தன் நாடகத்தைத் திருத்தினான்.

இன்னுமோர் உதாரணம் நம் ஆசிரிய வாசகர்களுக்கு விசேஷமாக உரியது. ஹிரோஷிமாவைச் சேர்ந்த கல்வியாளர் அராட்டா ஒசாடா, குண்டுக்குத் தப்பிய பிள்ளைகள் தம் அனுபவங்களை எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 1951இல் நூலாக வெளியிட்டார். அதைத் தழுவிப் படம் எடுக்க முன்வந்தது எந்த முதலாளியுமன்று. யப்பானிய ஆசிரியர் சங்கம். கனெட்டோ ஷிண்டோ இயக்கிய முதற் படம் 1952இல் வந்தது. அது கண்ணீரோடு நின்றுவிட்டது, கேள்வி கேட்கவில்லை என்று அதிருப்தியுற்ற அச்சங்கம், ஹிடியோ செக்கிகாவாவைக் கொண்டு 1953இல் ‘ஹிரோஷிமா’ என்ற மற்றொரு படத்தைத் தயாரித்தது. குண்டு விழுந்த நகரத்து மக்களே பல்லாயிரக் கணக்கில் வந்து அதில் நடித்தனர். பெரிய விநியோக நிறுவனம் அமெரிக்காவைச் சாடும் கட்டங்களை வெட்டுமாறு கேட்டபொழுது தயாரித்தவர்கள் மறுத்தார்கள். அதன் கதை ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. 11 மைல் பிலிம் அதற்கு வேண்டியிருக்கவில்லை. யாருடைய கண்ணால் பார்ப்பது என்ற தெளிவு வேண்டியிருந்தது, அது இருந்தது.

‘ஒப்பன்ஹைமர்’ படம் 2024 மார்ச்சில் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. 90 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அதே மாத இறுதியிலேதான் யப்பானில் அது திரையிடப்பட்டது. அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசு, குண்டுக்குத் தப்பியோரின் சங்கமான நிகோன் ஹிடாங்கியோவுக்கு வழங்கப்பட்டது. பரிசுகள் இரண்டும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை. ஆனால் முன்னதைப்பற்றி எழுந்த பேச்சில் நூறில் ஒரு பங்கேனும் பின்னதைப்பற்றி எழவில்லை. தம் உடல் வடுக்களை உலகத்துக்குக் காட்டி, இனி இது வேண்டாம் என்று பல்லாண்டு காலம் சொல்லிவந்த முதியவர்களைவிட, ஒரு நடிகரின் குழிந்த கன்னம் நம் காலத்துக்குக் கவர்ச்சியாக இருக்கிறது.

இப்படத்தைப் பார்க்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை, பார்க்கவேண்டும். அணுவின் பிளவைக் கற்பிக்கும் ஆசிரியர் தம் மாணவருடன் அதைப் பார்க்கட்டும். பார்த்த பின்னர், அந்தப் புகைப்படங்களிலிருந்து ஒப்பன்ஹைமர் பார்வையைத் தாழ்த்திய கட்டத்திலே நிறுத்தி, அங்கே என்ன இருந்தது என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குரிய விடையை ஹிரோஷிமாவின் பிள்ளைகள் தங்கள் கையால் 1951இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதை எடுத்து வாசிப்பதே விமரிசனத்தின் முதற் கடமை.