மேசைமேல் ஒரு பேய்

பேரன் தன் சிநேகிதர்கள் நாலு பேரோடு கூடத்தில் உட்கார்ந்து ஆடியதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சீட்டுக்கட்டும் இல்லை, பலகையும் இல்லை. ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்" என்கிறார்கள். திறந்தால் என்ன ஆகும் என்பது கதை சொல்பவன் கையிலும் பகடையிலும் இருக்கிறது.

'கால் ஆஃப் கதுலு' என்று பெயர். லவ்கிராஃப்டின் 1928-ஆம் ஆண்டுக் கதையின் பெயரே இதற்கும். அமெரிக்காவில் 1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதியது. இதிலே சித்தத் தெளிவுக்குக் கணக்கு உண்டு. கோரத்தைக் கண்டால் நூறு வரை எண் காட்டும் பகடையை உருட்ட வேண்டும். தவறினால் புள்ளி கழியும். பூஜ்யமானால் அந்தப் பாத்திரம் பித்தாகி, ஆடுகிறவன் கையைவிட்டே போய்விடும். ரகசிய நூல்களைப் படித்தால் அறிவு கூடும். கூடிய அளவுக்குத் தெளிவின் உச்சவரம்பு குறையும். கடைப் பேரேட்டில் பற்று எழுதுவது போலத்தான்! பேயைவிட இந்தக் கழித்தலுக்கே பிள்ளைகள் அஞ்சுகிறார்கள்.

ஆனால் எண்ணைச் சொன்னதும் பயம் பாதி கலைந்துவிடுகிறது. "ஆறு புள்ளி போச்சு" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இந்த இடத்தில் 2005-இல் வந்த 'டிரெட்' கெட்டிக்கார விளையாட்டு. பகடையே கிடையாது. ஆபத்தான காரியத்துக்கெல்லாம் ஜெங்கா மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். சரித்தவனின் பாத்திரம் கதையைவிட்டு வெளியே. நடுங்குவது ஆடுகிறவனின் சொந்தக் கை. அதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம் பாருங்கள்.

எனினும், அறிந்தால் பித்து என்ற முதல் விளையாட்டின் கணக்கை என் மனம் ஒப்பவில்லை. நம் நீலகேசியில் பழையனூர் நீலி சுடுகாட்டில் முனிச்சந்திரரை எத்தனை விதமாய் மிரட்டுகிறாள்! அவர் அசையவில்லை, அறிந்தவர் ஆகையால். மிரட்ட வந்தவள்தான் மாணாக்கி ஆனாள்.

பேரனிடம் இதைச் சொன்னேன். "அப்போ அங்கேயே ஆட்டம் முடிஞ்சு போச்சே தாத்தா" என்றான். முடியவில்லையடா, அப்புறம்தான் அவள் ஊர் ஊராய்ப் போய் வாதம் செய்கிறாள், காப்பியத்தில் பெரும்பகுதி அதுதான் என்றேன். கொஞ்சநேரம் யோசித்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீலி கதையைத்தான் ஆடப் போகிறார்களாம். முனிவருக்குத் தெளிவுப் புள்ளி எத்தனை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறான். நான் இன்னும் சொல்லவில்லை.