68 டாலருக்கு 2,632 பேர்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். 2022 ஆகஸ்ட். கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவரின் வீட்டுக்குப் பார்சல் ஒன்று வந்து சேர்ந்தது. ஈபேயில் பேரம் பேசி வாங்கிய பழைய சாமான். விற்றவர் சொன்ன விலை 149.95 டாலர். இவர் 68 டாலருக்குக் கேட்டார். படிந்துவிட்டது.

பிரித்தால், ஷூ டப்பா சைஸில் முரட்டுத்தனமாக ஒரு கருவி. விரல் ரேகை எடுக்கும். கருவிழியைப் படம் பிடிக்கும். கடைசியாக அது வேலை செய்தது 2012 கோடையில், ஆப்கானிஸ்தானின் காந்தஹார் பக்கத்தில், அமெரிக்க ராணுவத்துக்காக. விற்கும்போது மெமரி கார்டைக்கூட யாரும் கழற்றவில்லை. அதற்குள் 2,632 பேர் இருந்தார்கள். பெயர், நாடு, போட்டோ, கைரேகை, கருவிழி... சகலமும்.

ஆளுக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.காம். படித்த புத்தி போகாது. தலைக்கு இரண்டரை சென்ட் சொச்சம்.

கருவியின் பெயர் 'செக்யூர் எலக்ட்ரானிக் என்ரோல்மென்ட் கிட்'. சுருக்கமாக சீக்-2. பெயரில் முதல் வார்த்தையே 'செக்யூர்'! அதை ஆராய்ந்த கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்காரர்கள் பூட்டை உடைக்கச் சிரமமே படவில்லை. ஏனென்றால் பூட்டு இல்லை. தகவல்கள் சங்கேதமாக்கப்படாமல் அப்படியே கிடந்தன. ஏற்கெனவே ஊரறிந்த ஸ்டாண்டர்ட் பாஸ்வேர்ட் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சரி, இத்தனை பேரின் அங்க அடையாளத்தை ஒரு கைக்கருவிக்குள் எதற்கு வைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான்.

ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம். சர்வர் டவுன் என்றால் என்ன செய்கிறோம்? முணுமுணுத்துவிட்டு நாளைக்கு வருகிறோம். காந்தஹார் செக்போஸ்ட்டில் நிற்கிற சிப்பாய் அப்படிச் சொல்ல முடியாது. எதிரே நிற்பவன் விவசாயியா, குண்டு வைக்க வந்தவனா என்று அந்த நிமிஷமே தெரிய வேண்டும். மலைக்கு நடுவில் சிக்னலும் கிடையாது. எனவே தேடப்படுகிறவர்களின் பட்டியலைக் கருவிக்குள்ளேயே ஏற்றிவிடு, அங்கேயே ஒப்பிட்டுப் பார், அங்கேயே விடை சொல்.

இதற்குத்தான் எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று பெயர். எங்களுக்குக் கல்லூரியில் கிளைக் கணக்கு என்று ஒரு பாடம் உண்டு. எல்லா பேரேடும் ஹெட் ஆபீஸிலேயே இருந்தால் ஒருவகை. கிளையே தனிப் பேரேடு வைத்துக்கொண்டால் இன்னொருவகை. இரண்டாவதில் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ஆனால் கிளையில் திருடன் புகுந்தால் பேரேடே போய்விடும். இந்த ராணுவக் கிளை இருப்பதோ திருடன் வீட்டு வாசலில்!

என் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. போர்முனைக் கருவி என்றாலே கீழே விழுந்தால் தாங்குமா, தூசு புகுமா, வெயிலுக்கு ஈடு கொடுக்குமா என்றுதான் கேட்கிறார்கள். எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதல்லவா முதல் கேள்வி? போர்முனையில் சாமான் தொலைவது விபத்தே அல்ல, அன்றாடம் நடப்பது.

இது அமெரிக்க ராணுவத்துக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். 2001 ஏப்ரல் 1-ம் தேதி அவர்களுடைய உளவு விமானம் ஒன்று சீனப் போர் விமானத்தோடு மோதி, ஹைனான் தீவில் இறங்கியது. உள்ளே 24 பேர். பிடிபடுவதற்குமுன் கோடரியால் கருவிகளை உடைத்தார்கள். சூடான காபியை அவற்றின் தலையில் ஊற்றினார்கள். எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை, ஆனாலும் துடித்தார்கள். காரணம், அது அவர்களுடைய ரகசியம்.

ஆப்கானியரின் கருவிழி யாருடைய ரகசியம்? அதற்காகக் காபி ஊற்ற ஆள் இல்லை. அந்தக் கார்டில் தேடப்படும் தீவிரவாதிகளும் இருந்தார்கள். அமெரிக்காவுக்கு வேலை செய்தவர்கள்போல் தெரிந்தவர்களும், வழியில் மறித்ததால் மட்டுமே பதிவானவர்களும் இருந்தார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது, சீக்-2-க்கு அண்ணன் முறையான 'ஹைட்' கருவிகள் தாலிபான்கள் கையில் சிக்கியதாகச் செய்தி வந்தது. அமெரிக்கனுக்கு மொழிபெயர்த்தவன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், தாடி வளர்க்கலாம், ஊர் மாறலாம். கண்ணை மாற்ற முடியுமா? பாஸ்வேர்ட் திருடுபோனால் வேறு போட்டுக்கொள்ளலாம். கட்டைவிரல் திருடுபோனால்?

செய்யவே முடியாத காரியமாக இருந்தால் இவ்வளவு கோபம் வராது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது, நிலப் பதிவேடு, வரிக் கணக்கு போன்ற அரசாங்கத் தகவல்களை வெளியே கொண்டுபோக 'ஸ்னோபால்' என்கிற சூட்கேஸ் சைஸ் பெட்டிகளை அமேசான் அனுப்பியது. போர் நடக்கிற நாட்டிலிருந்து பெட்டி போலந்துக்குப் போக வேண்டும். நடுவழியில் எவனாவது பிடுங்கிக்கொண்டால்? கொண்டுபோகட்டும். உள்ளே இருப்பது முழுக்கச் சங்கேதம். திறக்கும் சாவி பெட்டிக்குள் கிடையாது. சீக்-2-ல் அடிப்படையில் இல்லாமல் போனது இந்த ஒரு விஷயம்தான்.

உடனே ராணுவத்துக்காரர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். நடுராத்திரியில், தலைக்குமேல் குண்டு பறக்கும்போது, சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது ஐயா என்று. ஒப்புக்கொள்கிறேன். சாவி கூடவே இருந்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை, தூரத்தில் இருந்தால் அவசரத்துக்கு உதவாது. கஷ்டமான முடிச்சுதான். ஆனால் 2012-ல் வேலை முடிந்த கருவி பத்து வருஷம் கழித்தும் 2,632 பேரைச் சுமந்துகொண்டிருந்ததே, அதற்கு எந்த அவசரம் காரணம்? இத்தனை நாள் தலைமையகத்தோடு பேசாவிட்டால் உள்ளதைத் தானே அழித்துக்கொள் என்று ஒரு கட்டளை போட்டு வைத்திருக்கலாம். குறைந்தபட்சம், விற்பதற்குமுன் கார்டையாவது உருவியிருக்கலாம். மெஷினைக் கழித்துக்கட்டியவர் கணக்கில் அது தேய்மானம் போக மிச்சமான ஒரு சாமான். உள்ளே இருந்த ஆட்களுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

விஷயம் வெளியானதும் பென்டகன் என்ன சொன்னது தெரியுமா? தகவலை நாங்கள் பார்க்கவில்லை, எனவே உறுதிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட கருவிகள் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

அந்த ஜெர்மன்காரர்கள் வாங்கியது மொத்தம் ஆறு கருவி. இன்னொரு சீக்-2, 2013-ல் ஜோர்டானில் கடைசியாக உபயோகிக்கப்பட்டது. அதில் இருந்தவை சில அமெரிக்க ராணுவத்தினரின் ரேகையும் கருவிழியும். பத்திரிகைக்காரர்கள் அவர்களில் ஒருவருக்குப் போன் போட்டார்கள். ஆமாம், என்னுடையதாகத்தான் இருக்கும், பயிற்சி வகுப்பில் எடுத்திருப்பார்கள் என்றார் அவர். காந்தஹார் கார்டில் இருக்கிற ஆளுக்கு யாராவது போன் போட்டார்களா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.