பியர்க் கொம்பனியின் மரங்களும் பார்க் எக்ஸ்ரென்ஷனின் வெக்கையும்

மரம் நடுவதை எதிர்த்து எவரும் பேசிவிட முடியாது. கொம்பனிகளுக்கு அது பிடித்துப்போனதற்கு இதுவே முதற்காரணம். ஒரு பியர்க் கொம்பனி தன் தொழிலாளரை எப்படி நடத்துகிறது என்று கேட்டால் விவாதம் வரும். மது குடும்பங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் இன்னும் பெரிய விவாதம் வரும். மண்வெட்டியும் கன்றுமாக நிற்கும் தொண்டர்களின் படத்தை வைத்து யாரும் விவாதிப்பதில்லை. அந்த மரத்தைப் பற்றிச் சில கேள்விகளை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொன்றியலில் பியர் என்றால் மொல்சன். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து 1782இல் இளைஞனாக வந்திறங்கிய ஜோன் மொல்சன், 1785இல் சென்ற் லோரன்ஸ் ஆற்றங்கரையில் பியர்த் தொழிற்சாலையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். பின்னர் நீராவிக்கப்பல், வங்கி, ரயில்பாதை என்று குடும்பம் விரிந்தது. கூடவே கொடையும் விரிந்தது. மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர்கள் பெயரில் மண்டபம் உண்டு, விளையாட்டரங்கு உண்டு. எங்களில் பலர் இந்நகருக்கு வந்து சேர்ந்த காலத்தில், 1996இல் திறந்த ஹொக்கி அரங்குக்கும் அதே பெயர்தான். 2005இல் அமெரிக்கக் கொம்பனியான கூர்ஸுடன் இணைந்ததோடு இந்த 'உள்ளூர்' பியர் எல்லை தாண்டிய வியாபாரமாயிற்று. 2021இல் உற்பத்தி ஆற்றின் மறுகரையிலுள்ள லோங்கேய்க்குப் போய்விட்டது. பழைய நொட்ர் டாம் வீதி நிலம் வீட்டு மனைக்காரரின் கணக்கில் சேர்ந்தது.

2010களின் தொடக்கத்தில் 'மொல்சன் கனேடியன்' பியரின் பெயரில் 'செவ்விலைத் திட்டம்' ஒன்று வந்தது. பூங்காக்களைத் துப்புரவாக்குவதும் மரம் நடுவதும் அதன் வேலை. நாட்டுக் கொடியில் இருக்கும் மேப்பிள் இலை, போத்தலின் மேல் இருக்கும் இலை, நடப்படும் கன்றின் இலை மூன்றும் ஒன்றாகிவிடும் கெட்டித்தனத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. பழைய கொடையில் கட்டடத்துக்குப் பெயர் வைத்தார்கள், இந்தக் கொடையில் பெயர் மரத்துக்கே போகிறது.

சாராயக் காசு தீட்டு, அதில் நட்ட மரமும் தீட்டு என்று வாதிடும் ஒழுக்கவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஒழுக்கத்தின் பேரில் மரங்களுக்கு நேர்ந்ததை மொன்றியல் ஒருமுறை பார்த்துவிட்டது. 1950களில் மவுண்ட் றோயல் மலைக்காட்டில் குடிகாரரும் காதலரும் ஒளிகிறார்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான மரங்களையும் பற்றைகளையும் நகரசபை வெட்டித் தள்ளியது. மண் அரித்தது. சனம் அதனை மொட்டைமலை என்று கேலி பண்ணியது. அடுத்த தசாப்தத்தில் மீள நடவேண்டியதாயிற்று. ஆகவே கொம்பனியின் காசு எங்கிருந்து வருகிறது என்பதை விடுவோம். அது எந்தக் கணக்கைக் காட்டி எந்தக் கணக்கை மறைக்கிறது என்பதே எனது பிரச்சினை.

கன்றுகளை எண்ணுவது சுலபம். பியருக்கான உண்மையான சுற்றுச்சூழற் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு லீற்றர் பியருக்குப் பல லீற்றர் தண்ணீர் வேண்டும், காய்ச்ச எரிசக்தி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் போத்தல் வேண்டும். கியூபெக்கில் மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் கடைக்குத் திரும்பி, கழுவப்பட்டு, சுமார் 15 தடவை நிரப்பப்படும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 1990களில் பியரின் பெரும்பகுதி அப்படித்தான் விற்றது. பிறகு அலுமினியத் தகரப்பேணி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. யாரும் விழா எடுக்காத அந்தப் பழைய ஏற்பாட்டைக் கைவிடாமல் காத்திருந்தால் அது சுற்றுச்சூழலுக்கு எத்தனையோ பூங்காக்களின் பெறுமதி ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். இன்று குப்பைப் பெட்டிகளுக்குள் கைவிட்டுப் பேணி பொறுக்கி, ஒன்றுக்குப் பத்துச் சதம் வாங்கும் முதியவர்கள்தான் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அவர்களது படம் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

அடுத்தது, மரம் எங்கே நிற்கிறது என்பது. லக்காடி பெருந்தெருவின் ஒரு பக்கம் மவுண்ட் றோயல் நகரம், 1912இல் பூங்கா நகராகத் திட்டமிடப்பட்டது, வசதியானவர்களின் ஊர். மறுபக்கம் பார்க் எக்ஸ்ரென்ஷன். முன்பு கிரேக்கரும் பின்னர் நாங்களும் பஞ்சாபியரும் வங்காளிகளும் வந்தடைந்த அடுக்குவீடுகள். இடையில் 1960இல் போட்ட கம்பிவேலி. வேலிக்கு அப்பால் தெருவெங்கும் நிழல், இப்பால் தாரும் கொங்கிறீற்றும். 2018 ஜூலை வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்தனர். பெரும்பாலும் முதியவர்கள், நோயாளிகள், குளிரூட்டி இல்லாத அறைகளில் தனியே இருந்தவர்கள். எங்கள் அம்மாக்களும் அப்பாக்களும் மூன்றாம் மாடியில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பது அப்படியான அறைகளில்தான். நகரின் இலைக்கூரையை 20 வீதத்திலிருந்து 2025க்குள் 25 வீதமாக்குவோம் என்று 2012இல் நகரசபை சொன்னது. 2030க்குள் 500,000 மரங்கள் என்று 2020இல் சொன்னது. இதற்கிடையில், 2011இல் இங்கு கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களை ஆயிரக்கணக்கில் தின்று தீர்த்தது. மரத்தை நடுவதற்கு ஒரு காலை போதும். தெருவோரக் கன்றுக்கு முதற் சில கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், மாரியில் தெருவுக்குக் கொட்டும் உப்பிலிருந்து அதன் வேரைக் காக்க வேண்டும். நட்ட அன்று வரும் கமெரா மூன்றாம் கோடையில் வருமா?

எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பியர் மரத்துக்கு வெளியே நின்று மரத்துக்குத் தானம் செய்கிறது. கள் மரத்திலிருந்தே வருகிறது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பநீர், தடவாததில் கள். பாளை விடப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும் பனையைப் பட்டுப்போக விட்டால் சீவல் தொழிலாளிக்குச் சோறில்லை. அவருக்கு மரப்பாதுகாப்பு கொள்கையல்ல, சீவியம். அந்த மனிதரைத்தான் நாங்கள் கிணற்றிலும் கோயிலிலும் அண்டவிடாமல் வைத்திருந்தோம். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசல் அடைத்து நின்றவர்கள் வெள்ளைக்காரர் அல்லர். 'தவறணை' என்ற சொல்லை முகஞ்சுளித்துச் சொல்லும் அதே வாய் இங்கே பியர்க் கொம்பனியின் மரத்தை நாகரிகம் என்கிறது. பனங்காடுகளைப் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த யுத்தத்தில் எல்லாத் தரப்பின் கோடரியும் இருந்தது. அந்த மரங்களோடு யாருடைய தொழில் போயிற்று என்று எங்கள் எழுத்தில் எத்தனை பேர் கேட்டோம்?

கொம்பனியின் காசைத் திருப்பியனுப்பச் சொல்லவில்லை. மரநடுகைக்கு ஆள் சேர்த்துத்தரும்படி எங்கள் சங்கங்களுக்கு யார் அழைப்பு அனுப்பினாலும், ரீசேட் அளவு சொல்வதற்கு முன்னர் கேட்க வேண்டியவை உண்டு. எந்தத் தெரு? மூன்று வருடத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்குச் சம்பளம் உண்டா? வாடகைக்கு இருப்பவர் முற்றத்துக் கொங்கிறீற்றை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? சம்மதித்தால் அடுத்த வருட வாடகை என்ன? இந்தக் கடைசிக் கேள்வி வேடிக்கையல்ல. 2019இல் பக்கத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்ததிலிருந்து பார்க் எக்ஸ்ரென்ஷனில் வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. இன்று நடும் மேப்பிள் நிழல்தர இருபது வருடமாவது ஆகும். அப்போது அந்த மூன்றாம் மாடி ஜன்னலில் யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே நாங்கள் பேச வேண்டும்.