வெயிலும் கூலியும்

வசந்தபாலன் விருதுநகர்க்காரர், ஷங்கரிடம் உதவியாளராக இருந்தவர். அவருடைய 'வெயில்' (2006) படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். பள்ளிக்கு மட்டம் போட்டு சினிமா பார்க்கப் போன பையனைத் தகப்பன் அம்மணமாக வெயிலில் கட்டிப்போடுகிறான். இருபது வருஷம் கழித்துத் தோற்றுப்போய் ஊர் திரும்பும் பசுபதியின் நடையில் அந்த வெயில் அப்படியே இருக்கிறது. தம்பியின் தொழில் பகையும் அரிவாளும் நுழைந்தபின் படம் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. தேசிய விருது வாங்கிய படம்தான். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

என் குறை வேறு. எங்கள் பக்கத்தில் வெயில்தான் கூலி. வறண்ட காற்றை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் நிலைத்தன. வானம் மூடினால் மருந்து காயாது. அன்றைக்கு வேலை கிடையாது. மேகத்தைக் கண்டு முகம் சுளிக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வெயில் படத்தின் மையத்துக்கு வரவில்லை.

உழைப்பை அவர் நேராகப் பார்த்தது 'அங்காடித் தெரு'வில் (2010). அது சென்னை ரங்கநாதன் தெரு. வெயிலே நுழையாத ஜவுளிக்கடை. நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் தெற்கத்திப் பிள்ளைகளை அந்தப் படம் பார்த்த மாதிரி தமிழ் சினிமா அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கண் சொந்த ஊரில் திறக்கவில்லை. தகப்பன் மறைத்துக்கொண்டு நின்றதாலோ என்னவோ.